விரல் ரேகையும் கெடு தேதியும்: வாசகர் கேள்வி பதில்

ஃபுளோரிடாவில் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தவர் முதல் கோலாலம்பூர் செந்தூலில் வங்கி முகப்பில் திணறும் அம்மா வரை, இம்முறை கடிதம் எழுதிய பலருக்கும் தொல்லை ஒன்றுதான். ரேகை விழமாட்டேன் என்கிறது, கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

என் தம்பி கிரீன் கார்டு (நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) வாங்கி ஃபுளோரிடாவில் குடியிருக்கிறான். டயர் பட்டறையில் வேலை. மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தான். ரேகை தெளிவில்லை என்று ஒருமுறை திருப்பிவிட்டார்கள். இரண்டாவது முறையும் திரும்பினால் விண்ணப்பமே ரத்து, 90 நாளோடு எல்லாம் முடிந்தது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். உண்மையா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

கூட வேலை செய்பவர்கள் சொல்வதைத் தலைகீழாகப் பிடித்தால் சரியாக இருக்கும். இரண்டாவது முறை திரும்புவதுதான் மாற்று வழியைத் திறக்கிறது. ஃபுளோரிடாவில் இந்த உரிமத்தைத் தருவது, கேட்டால் சிரிப்பு வரும், வேளாண்மை, நுகர்வோர் சேவைத் துறை. அந்த மாநிலச் சட்டத்தின் 790.06ஆம் பிரிவிலேயே இதற்கு விடை இருக்கிறது. இரண்டு முறை முயன்றும் படிக்கத்தக்க ரேகை கிடைக்காவிட்டால், மாநிலப் போலீஸ் துறை பெயரை வைத்துச் செய்யும் சோதனையைக் கொண்டு துறை முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது என்று அலையத் தேவையில்லை.

90 என்ற எண் இரண்டு இடங்களில் வருவதால்தான் இந்தக் குழப்பம். முதல் 90 நாள் துறைக்கு விதித்த கெடு. தேவையான தாள்கள் எல்லாம் கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் உரிமத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். அது உங்கள் தம்பியின் கழுத்தில் தொங்கும் கத்தியல்ல. இரண்டாவது 90 நாள் எஃப்.பி.ஐ. வைத்திருப்பது. ரேகை இரண்டு முறை தரமில்லை என்று திரும்பிய பிறகு, பெயரைக் கொண்டு தேடச் சொல்லி எஃப்.பி.ஐ.யிடம் கேட்கலாம். இரண்டாவது நிராகரிப்புத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் அந்தக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். கேட்க வேண்டியது விண்ணப்பதாரர் அல்ல, ரேகையை அனுப்பிய துறை. துறை தானாகச் செய்துவிடும் என்று சும்மா இருக்காமல், இரண்டாவது நிராகரிப்பு வந்த வாரத்திலேயே, "பெயர்ச் சோதனைக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

பலருக்கும் சறுக்குகிற இடம் வேறொன்று. முதல் முறை அனுப்பியதற்கு ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். இரண்டாவது முறை அனுப்பும்போது அந்தப் பழைய எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சேர்க்காவிட்டால் எஃப்.பி.ஐ. கணக்கில் அது புது விண்ணப்பம். அதுவும் திரும்பினால் மறுபடி 'முதல் நிராகரிப்பு' என்றே பதிவாகும், பெயர்ச் சோதனை இன்னும் தள்ளிப்போகும். ஆகவே இரண்டாவது முறை போகும்போது நிராகரிப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ரேகை எடுப்பவர் அந்த எண்ணைத் தட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இனி விரலுக்கு வருவோம். டயர் பட்டறையில் ரேகையைக் கெடுப்பது கரி மட்டுமல்ல. கரியைப் போக்கத் தேய்க்கும் மணல் கலந்த சோப்பும், கரைப்பான் திரவமும்தான் தோலின் எண்ணெயை உறிஞ்சி, ரேகையின் மேட்டை அராவிவிடுகின்றன. மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்தில் புதிதாக வளர்ந்துவிடும், அடித்தோல் சேதப்படாதவரை பழைய ரேகையே திரும்பி வரும். அதனால் நாள் குறிப்பதற்கு முன் சில வாரம் கையுறை போட்டு வேலை செய்யட்டும். இரவில் படுக்கும் முன் கெட்டியான கிரீமோ வேசலினோ பூசட்டும். அன்றைக்குக் காலையில் சாதாரண சோப்பு, வெதுவெதுப்பான நீர், சுத்தமான துணி, அவ்வளவு போதும். அப்போதும் விரல் வறண்டிருந்தால் கிரீம் ஒரு துளி தடவி, முழுவதும் துடைத்துவிட்டு ரேகை எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடியில் வைக்கலாம். எண்ணெய்ப் பசையோடு வைத்தால் ரேகை அப்பிக்கொள்ளும். அழுத்தினால் நன்றாக விழும் என்பது தப்புக் கணக்கு. அழுத்தும்போது மேடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையைத் தளரவிட்டு, ரேகை எடுப்பவர் உருட்டுவதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

கடைசியில் மறுப்புக் கடிதமே வந்துவிட்டால், விசாரணை கேட்க 21 நாள்தான் உண்டு. அந்தக் கெடுவைத் தவறவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. இதையெல்லாம் வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினருக்கு அப்படியே சொல்லிவிடாதீர்கள். நியூயார்க்கில் உரிமம் தரும் அதிகாரிக்குச் சட்டம் கொடுக்கும் காலம் ஆறு மாதம். எடுத்துச் செல்லும் உரிமம் என்றால் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் தனி.

ஹியூஸ்டனில் எச்-1பி விசாவில் வேலை செய்யும் என் மகனிடம், "இங்கே யார் வேண்டுமானாலும் பிஸ்டல் வாங்கலாம்" என்று நண்பர்கள் ஆசை காட்டுகிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸ்

வேண்டாம். மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் மேலே மத்தியச் சட்டம் இருக்கிறது. எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். 2022இல் திருத்திய சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதை ஒரு வழக்கறிஞரிடம் தாளைக் காட்டிக் கேட்காமல் நம்பி இறங்கக் கூடாது. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் வாங்கிச் சுட்டாலும் 'வைத்திருந்தது' என்றுதான் கணக்கு. கிரீன் கார்டு கிடைத்தவருக்கு இந்தத் தடை இல்லை. முன் கடிதத்துத் தம்பிக்கும் உங்கள் மகனுக்கும் வித்தியாசம் அதுதான்.

அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருஷம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியவர். வங்கியில் மைகார்டை (மலேசிய அடையாள அட்டையை) இயந்திரத்தில் செருகிப் பெருவிரலை வைத்தால் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், அம்மா அழுதுவிடுகிறார்.
– வாசகி, செந்தூல்

அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது, அவர் விரலை வைக்கத் தெரியாமல் வைக்கவில்லை. மைகார்டின் சில்லில் இரண்டு பெருவிரல்களின் ரேகை விவரமும் இருக்கிறது. இயந்திரம் அப்போது வைக்கும் விரலை அதோடு ஒப்பிடுகிறது. வயதாக ஆகத் தோலின் இழுவிசை குறைந்து ரேகை மேடுகள் தட்டையாகிவிடும். சவர்க்காரமும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு, கொத்தாமல் விட்ட அம்மி மாதிரி விரல் நுனி வழவழப்பாகிவிடுகிறது.

கண்ணாடி வைத்த இயந்திரத்தில் ரேகை மேடு படும் இடத்தில் ஒளி திரும்பாமல் அந்த இடம் கறுப்பாகத் தெரியும், பள்ளம் வெள்ளையாகத் தெரியும். வறண்ட விரலின் மேடு கண்ணாடியில் சரியாக ஒட்டாது, கோடு துண்டு துண்டாக விழும். வியர்வை மிகுந்தால் பள்ளத்திலும் நீர் நிரம்பி எல்லாமே ஒரே கறுப்பு. நம் ஊரில் இரண்டு தொல்லையும் ஒரே நாளில் வரும். வெளியே வெயிலில் வந்து வியர்க்கும், வங்கிக்குள் ஏர்கோனில் அரைமணி உட்கார்ந்ததும் விரல் காய்ந்துவிடும். வரிசை எண்ணை அழைக்கும் வரை அம்மா கையை மடித்துக் கதகதப்பாக வைத்துக்கொள்ளட்டும். முறை வந்ததும், விரல் காய்ந்திருந்தால் நெற்றியிலோ மூக்கின் ஓரத்திலோ பெருவிரலை ஒருமுறை தடவிவிட்டு வைக்கலாம், அந்த இயல்பான எண்ணெய்ப் பசை போதும். வியர்த்திருந்தால் துணியில் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். நுனியை மட்டும் குத்தாமல், ரேகைச் சுழியின் நடு, அதாவது நகத்தின் அடிப்பகுதிக்கு நேர் கீழே உள்ள சதை, கண்ணாடியின் நடுவில் படிய வேண்டும். வலது விழாவிட்டால் இடது. முன்னால் வந்தவரின் கறை கண்ணாடியில் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள், அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் முகப்பு ஊழியரோடு மல்லுக்கட்டாமல் மேலதிகாரியைக் கேளுங்கள். வேறு வழியில் அடையாளத்தை உறுதிசெய்வது வங்கியின் முடிவு. கடப்பிதழ், பழைய கணக்குப் புத்தகம், படத்தோடு உள்ள வேறு அட்டை எல்லாம் கையில் இருந்தால் அவர்களுக்கும் எளிது. பிறகு ஒருநாள் தேசியப் பதிவிலாகாவுக்கு அம்மாவையே அழைத்துப் போய், பழுது சில்லிலா விரலிலா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பல வங்கிகளில் தோற்ற அட்டை அங்கே சட்டென்று படிக்கப்பட்டால் குறை வங்கி இயந்திரத்தில். அங்கேயும் தோற்றால் அங்கேயே அதற்கு வழி கேட்கலாம். வங்கியில் பணம் எடுக்க வேண்டிய நாளில் இதைச் செய்யப் போகாதீர்கள்.

கல்யாணத்துக்கு மருதாணி வைத்த கையோடு பிரிட்டன் விசாவுக்கு ரேகை கொடுக்கப் போகலாமா?
– ஆயர் ஈத்தாம்

போகாதீர்கள். விரல் நுனியில் மருதாணி உட்பட எந்த அலங்காரமும் காயமும் இருக்கக் கூடாது என்பது பிரிட்டன் விசா விதியிலேயே இருக்கிறது. விரல் நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், அல்லது தேதியை மருதாணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விசாவுக்கும் ஏறக்குறைய இதே கதை. வெட்டுக்காயம், கொப்புளம் போன்ற ஆறக்கூடிய குறை இருந்தால் ஆறிய பிறகு வரச் சொல்வார்கள். விரலே இல்லாதவரை அப்படித் திருப்பி அனுப்புவதில்லை.

நான் ஒஹாயோவில் முதுகலை படித்துவிட்டு பினாங்கு திரும்பியவன். கனடா நிரந்தரக் குடியுரிமைக்கு எஃப்.பி.ஐ. நன்னடத்தைச் சான்று வேண்டும். இங்கே மை தடவி அனுப்பிய அட்டை, 'தரம் போதாது' என்று திரும்பிவிட்டது. விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டால் 60 நாளுக்குள் எல்லாத் தாளையும் கொடுத்தாக வேண்டும், என்ன செய்வேன்?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

அழைப்பு இன்னும் வரவில்லை என்பதால் நேரம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கடந்த 10 ஆண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் கனடா சான்று கேட்கும். இப்போது வாழும் நாட்டின் சான்று விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த நாட்டின் சான்று, அங்கிருந்து கடைசியாகக் கிளம்பிய பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். அப்படியானால் எஃப்.பி.ஐ. சான்றை இன்றே வாங்கி வைத்தாலும், மறுபடி அங்கே போய்த் தங்காதவரை பழசாகாது. மலேசியச் சான்றைத்தான் பிந்தி வாங்க வேண்டும், அதை வெளியுறவு அமைச்சின் இணையத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மலேசியச் சான்று காலாவதியாகி எஃப்.பி.ஐ.க்காகக் காத்துக் கிடக்கிறார்கள்.

அமெரிக்காவில் உள்ள இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகச் சீக்கிரம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஃப்.பி.ஐ. அங்கீகரித்த அந்த வழி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் மட்டும். நீங்கள் நேரடியாக எஃப்.பி.ஐ.யிடம்தான் போக வேண்டும். கட்டணம் 18 டாலர். விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுப் பணம் கட்டிவிட்டு, அட்டையை மட்டும் அஞ்சலில் அனுப்பினால் முடிவு இணையத்திலேயே வந்துவிடும், அஞ்சல் ஒரு வழியோடு போகும்.

அட்டைக்கு எஃப்டி-1164 என்று பெயர். எஃப்.பி.ஐ. தளத்திலிருந்து இறக்கி வெள்ளைத் தாளில் அச்சிட்டாலே ஏற்கிறார்கள். பெயரும் பிறந்த தேதியும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மேலே முதல் வரிசை வலது கை, இரண்டாவது வரிசை இடது கை. இரண்டிலும் பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடியும், ஒவ்வொன்றையும் உருட்டி எடுக்க வேண்டும். அடியில் நான்கு விரலும் சேர்த்து அப்படியே பதிப்பது, பெருவிரல்கள் தனியாக. அடிவரிசையை வைத்துத்தான் மேல்வரிசையில் விரல் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தாலும் இடமும் வலமும் மாறியிருந்தால் அட்டை திரும்பும்.

ரப்பர் முத்திரைக்குப் பயன்படுத்தும் மைத்தட்டு இதற்கு ஆகவே ஆகாது, மை ஊறிப் பரவிவிடும். கறுப்பு அச்சு மையைக் கண்ணாடித் தட்டில் ரப்பர் உருளையால் மெல்லிய படலமாக இழுக்க வேண்டும். படலம் தடித்தால் பள்ளம் மூடும். விரலின் முதல் மடிப்புக் கோட்டிலிருந்து நுனி வரை, நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மை படிய வேண்டும். பெருவிரலை உடம்பை நோக்கி உருட்டு, மற்ற விரல்களை வெளியே நோக்கி உருட்டு, இது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் சூத்திரம். கை இறுக்கமான நிலையிலிருந்து தளர்ந்த நிலைக்குத் திரும்புவதால் உருட்டல் தடங்காமல் முடியும். ஒரே இழுப்பில் போக வேண்டும், பாதியில் நின்று திரும்பி வந்தால் இரட்டைக் கோடு. கட்டம் கெட்டுவிட்டால் அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிப் புதிதாக எடுக்கலாம், ஆனால் ஒரு கட்டத்துக்கு இரண்டு ஒட்டுக்கு மேல் ஏற்பதில்லை. விரல் இல்லாவிட்டாலோ கட்டுப் போட்டிருந்தாலோ அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் காரணத்தை எழுத வேண்டும்.

ஒரே உறையில் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளை அனுப்புங்கள், அப்படிச் செய்யும்படி எஃப்.பி.ஐ.யே சொல்கிறது. ஒன்றில் மோதிர விரல் மங்கினால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆனால் எல்லா அட்டையும் கையால் எடுத்த மூல அட்டையாக இருக்க வேண்டும், நகல் செல்லாது, முன்பு அனுப்பித் திரும்பிய அட்டையும் செல்லாது. ரேகை எடுக்கப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அச்சு மை இருக்கிறதா, உருட்டத் தெரிந்தவர் அன்று பணியில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். எடுத்ததும் கைப்பேசி விளக்கை அடித்து ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். சுழியின் நடுவும், பக்கத்தில் கோடுகள் மூன்றாகப் பிரியும் இடமும் தெரியாத கட்டம் எதுவானாலும் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 60 நாளுக்குள் சான்று வராவிட்டால், விண்ணப்பித்த தேதிச் சீட்டையும் வந்த நிராகரிப்புக் கடிதங்களையும் விளக்கக் கடிதத்தோடு சேர்த்துப் பதிவேற்றுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். ஆனால் தேதியிட்ட தாள் இல்லாத விளக்கத்தை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, முதல் நிராகரிப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். கனடா உங்கள் ரேகையையும் தனியாகக் கேட்கும். கடிதம் வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் கோலாலம்பூர் விசா நிலையத்தில் கொடுக்க வேண்டும், கட்டணம் 85 கனடா டாலர். எஃப்.பி.ஐ. அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குக் கேப்பசிட்டபின் மாத்திரை சாப்பிடுகிறேன். கைப்பேசிகூட என் விரலை அடையாளம் காணவில்லை. அடுத்த மாதம் பயணம் இருக்கிறது.
– வாசகி, செராஸ்

அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு இது. உள்ளங்கை, பாதம் சிவந்து தோல் உரியும், உரியும்போது ரேகையும் போகும். 2008 டிசம்பரில் இதே மாத்திரை சாப்பிட்டுவந்த 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை இல்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவருடைய மருத்துவர்கள் 2009இல் அதை ஒரு மருத்துவ இதழில் எழுதி, இப்படிப்பட்ட நோயாளிகள் கடிதத்தோடு பயணம் செய்யட்டும் என்றார்கள்.

பயணத்துக்காக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, ரேகை மறைந்திருப்பது மருந்தால்தான் என்ற வரி, இம்மூன்றும் கொண்ட ஆங்கிலக் கடிதத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அதைப் பெட்டியில் அல்ல, கடப்பிதழோடு கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் தானியங்கி வாயிலில் நின்று பலமுறை முயலாமல் நேராக அதிகாரி இருக்கும் முகப்புக்குப் போய்விடுங்கள். மருந்தை நிறுத்திய பிறகு பலருக்கு ரேகை திரும்புகிறது, அதனால் மைகார்டிலோ கடப்பிதழிலோ ரேகையை மாற்றிப் பதிக்க இப்போது அவசரப்பட வேண்டாம்.

லெபோ குயினில் நகைக்கடை வைத்திருக்கிறேன். இங்கேயே கைத்துப்பாக்கி உரிமம் எடுக்க முடியுமா? ரேகை, கெடு எல்லாம் இங்கும் உண்டா?
– ஜார்ஜ்டவுன்

முடியாது என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் அமெரிக்காவில் போல இது உரிமை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் தருவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. உங்கள் பகுதி மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் ஆயுத உரிமத்தைக் கவனிக்கும் பிரிவிடம் நேரில் போய், என்னென்ன தாள் வேண்டும் என்று அன்றைய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருக்கும் பழைய பட்டியலை நம்பி ஓடாதீர்கள். கடை உரிமம், கணக்கு, முன்பு நடந்த கொள்ளை முயற்சிக்குப் போலீஸ் புகார் இருந்தால் அதன் நகல் எல்லாம் சேர்த்து, ஏன் காவலாளியும் கேமராவும் போதாது என்று எழுதினால்தான் கேட்பார்கள். கிடைத்தால், புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். உரிமம் முடிந்த துப்பாக்கி, உரிமமே இல்லாத துப்பாக்கிதான். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

அதற்குள் திருடனைப் பயமுறுத்த அசல் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி ஒன்றை மேசை இழுப்பறையில் வைக்கலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம், வைக்காதீர்கள்.